இரண்டாம் முறை போட்ட உப்பு

மார்ச் 4

அக்காவுக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்பதற்காக எழுதவில்லை, நீ நலமாகத்தான் இருப்பாய். இதைப் படித்ததும் போன் செய்யாதே. போனில் எப்போதும் நீதான் ஜெயிப்பாய். நான் அழுவேன், கடைசியில் மன்னிப்பும் நானே கேட்டுவிட்டு வைப்பேன். எழுது. எழுத்தில் உன்னால் குரலை உயர்த்த முடியாது.

விஷயம் இதுதான். இடது மார்பு, புற்றை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்த பக்கம், வீங்கிவிட்டது.

அது இறுகிப்போனது உனக்குத் தெரியும். இறுகியபோதுதானே நீ வந்தாய். வந்து என் சமையலறையில் நின்றுகொண்டு, "டாக்டர் சொன்ன மாதிரி தினமும் தடவி விட்டிருந்தா இப்படிக் கல்லாயிருக்குமா? சோம்பேறித்தனம்டி உனக்கு!" என்று பக்கத்து வீட்டுக்காரி காதில் விழும்படி சொன்னாய். அன்றைக்கு உன் பையை எடுத்து வாசலில் வைத்தேன். அதற்காக நான் இன்னும் வருத்தப்படவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீக்கம் வேறு மாதிரி இருக்கிறது, அக்கா. உனக்கு நான் சொன்னதில்லை. குளத்தில் ஒரு மணி நேரம் நின்று கற்றுக்கொடுத்துவிட்டு ஏறினால் மற்ற உடம்பெல்லாம் துடைத்ததும் சூடேறிவிடும். அது மட்டும் மத்தியானம் வரைக்கும் சில்லென்றே இருக்கும். உள்ளே ஒரு டம்ளர் குளத்துத் தண்ணீரை ஒளித்து எடுத்துவந்த மாதிரி. எட்டு வருடத்தில் அதற்குப் பழகிவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பு குளத்திலிருந்து ஏறித் துடைத்தபோது அது சூடாக இருந்தது.

என்னிடம் நீச்சல் கற்க வரும் பாங்க் மேனேஜரம்மாதான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க, டிரஸ் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது." நான் சிரித்து, "அந்தப் பக்கம் மட்டும் சாப்பாடு ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றேன். உடை மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த வகுப்புக்கு எழுந்து போக முடியவில்லை.

டாக்டரம்மா ஊசி போட்டு நீர் எடுத்தார். கலங்கலான மஞ்சள். போட்டு எட்டு வருடம் ஆன பிறகு அங்கே நீர் சேர ஒரு காரணமும் இல்லையாம். அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். பிறகு இம்ப்ளான்ட்டோடு வந்த அட்டையைக் கேட்டார். அலமாரியைக் கவிழ்த்துத் தேடிக் கொண்டுபோனேன். நம்பர், அளவு, மேற்பரப்பு "மெல்லிய சொரசொரப்பு" என்று அதில் இருந்தது.

"இந்த வகைன்னா அவ்வளவு பயப்பட வேண்டாம்மா. பெரிய சொரசொரப்பா இருந்தாத்தான் நான் பயப்படுவேன். கம்பெனியில இதைச் செஞ்சவங்க யாரையாவது தெரியுமா, கேக்க முடியுமா?"

"செஞ்சதே எங்க அக்காதான்" என்றேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அதனால் கேட்கிறேன். எனக்குப் போட்டது அட்டையில் இருக்கிற மாதிரிதானே?

பதில் மட்டும் எழுது. புத்திமதி வேண்டாம்.

உன் தங்கை

---

மார்ச் 11

என் வாத்துக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் மருமகளிடம் காட்டினேன், "பாரு, வாத்து எழுதியிருக்கா, எனக்குத் தெரியும் அவ எழுதுவான்னு" என்று. அவளை வைத்துக்கொண்டே பிரித்துவிட்டேன். பிறகு உள்ளே போய்த் தனியாக நாலு தரம் படித்தேன். உன்னை நான் வாத்து என்று கூப்பிடக் கூடாது என்று நீ எழுதவில்லை, அதனால் கூப்பிடுகிறேன்.

சூடு என்று எழுதியிருக்கிறாயே, சின்னச் சளி பிடித்தாலும் உடம்பு சூடாகும். எதற்கெடுத்தாலும் பழைய வியாதியையே நினைக்காதே. ஈரத் துணியோடு நிற்கிறாய், தலையைத் துவட்டுவதில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சரி, புத்திமதி வேண்டாம் என்றாய். நிறுத்திவிட்டேன்.

உன் டாக்டரம்மாவுக்கு இதைச் சொல். உங்க அக்கா படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால் இம்ப்ளான்ட் கம்பெனியின் உப்பு அறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள். இன்ஜினியர்கள் வந்தார்கள் போனார்கள், உப்பு போடுகிற கை மாறவில்லை. மார்பு மாதிரி இருக்கிற அச்சை சிலிக்கோன் பாகில் முக்கி எடுத்துத் தொங்கவிடுவார்கள். வடியும். மறுபடியும் முக்குவார்கள். கடைசி முக்கு ஈரமாக, விரலில் ஒட்டுகிற பதத்தில் என்னிடம் வரும். அந்தப் பதம் ஒரு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் சலித்த உப்பை ஒரே வீச்சாக, மேலிருந்து கீழே, ஒரு இடம் அடர்த்தி ஒரு இடம் மெலிசு என்று இல்லாமல் போட வேண்டும். பிறகு ஓவனில் வைத்து, தண்ணீரில் ஊறவைத்து, உப்பெல்லாம் கரைந்த பிறகு மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்தால், உப்பு இருந்த இடமெல்லாம் குட்டிக் குட்டிப் பள்ளமாக நிற்கும். அதைத்தான் அவர்கள் சொரசொரப்பு என்கிறார்கள். நான் அதை என் கை என்கிறேன்.

எதற்கு அந்தப் பள்ளம் என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். வழுவழு என்று இருந்தால் உடம்பு சும்மா விடாது. எது உள்ளே போனாலும் அதைச் சுற்றித் தழும்புச் சதையால் ஒரு உறை கட்டும். அந்த நாரெல்லாம் ஒரே வரிசையில் கையைக் கோத்து நின்றுகொண்டு இறுக்கும். பள்ளம் இருந்தால் வரிசை கலைந்துவிடும், இறுக்க முடியாது. பெரிய பெரிய டாக்டர் எல்லாம் எங்கள் அறையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் ரிட்டயர் ஆனபோது கொடுத்த ஷீல்டு இன்னும் ஹாலில் இருக்கிறது. என் பேத்தி வாலு பள்ளிக்கூடத்தில் 'எனக்குப் பிடித்தவர்' என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு என்னைத்தான் எழுதினாள். "என் பாட்டி ஆயிரக்கணக்கான அம்மாக்களுக்கு உப்பு போட்டார்" என்று. டீச்சர் கீழே கோடு போட்டுக் கேள்விக்குறி வைத்திருந்தார். மருமகள் போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தாள்.

நீ கேட்டதற்குப் பதில். அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான். கம்பெனி அட்டை பொய் சொல்லாது.

மருமகள் உனக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்புகிறாள். போர்த்திக்கொள்.

டாக்டரம்மா எப்போது முடிவு சொல்வார்? தேதி எழுது.

அக்கா

---

மார்ச் 19

அக்காவுக்கு,

சால்வை வந்தது. மருமகளுக்கு நன்றி சொல்.

முதல் பரிசோதனை வந்துவிட்டது. "தெளிவில்லை" என்று வந்திருக்கிறது. இருக்கிறது என்று சொன்னாலும் அழுதுவிட்டு எழுந்திருப்பேன், இல்லை என்றால் சிரித்துவிட்டு எழுந்திருப்பேன். தெளிவில்லை என்றால் என்ன செய்வது? பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். நீ எழுதியதைத்தான் அவரும் சொன்னார், ஆனால் நீ எழுதாத பாதியையும் சேர்த்துச் சொன்னார்.

"அளவான சொரசொரப்பு இருந்தா தழும்பு நார் வரிசை கலையும், அது உண்மை. ஆனா பள்ளம் ஆழமா, பெருசா போச்சுன்னா உடம்பு அடங்காதும்மா. உள்ள சண்டை நடந்துக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா. சில பேருக்குத் தழும்பு தடிச்சு இறுகும். ரொம்ப ரொம்பச் சில பேருக்கு, அந்தச் சண்டைக்கு வந்த செல்லே கெட்டுப்போயிடும். அதுவும் ஒரு வகைப் புற்றுதான். மார்புல வர்றது இல்ல, தழும்பு உறையில வர்றது. முதல் அறிகுறியே இப்படி நீர் சேர்றதுதான்."

இறுகினதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்றார். ரேடியேஷன் கொடுத்த இடம், அதனாலும் இறுகும். அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நான் தடவாததால் இல்லை. எழுதி வைத்துக்கொள்.

இப்போது இரண்டு வழி. ஒன்று, தழும்பு உறையோடு முழுசாக வெட்டி எடுப்பது. உறை விலா எலும்பிலும் தோள் பக்கத்துத் தசையிலும் ஒட்டிப் போயிருக்கிறது. அதை உரித்து எடுத்தால் இடது கையை முன்மாதிரி தலைக்கு மேலே தூக்க முடியாமல் போகலாம். கையைத் தூக்க முடியாத நீச்சல் டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்? இன்னொன்று, மூன்று மாதம் காத்திருந்து, மறுபடி நீர் எடுத்துப் பார்ப்பது.

நான் காத்திருப்பதற்குத்தான் முடிவு செய்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் உன் கடிதத்தை டாக்டரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கட்டுரைக் கதைக்கு அவர் சிரித்தேவிட்டார். "அக்காவே உறுதியா சொல்றாங்கன்னா நாம காத்திருக்கலாம்" என்றார். வரும் முப்பதாம் தேதி, காத்திருக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எட்டு வருடத்துக்கு முன்பு நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ போனில் சொன்னாய், "உனக்குப் போடறதை நானே எடுத்து ஸ்பெஷலா பண்ணியிருக்கேன்டி" என்று. அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாய்! பெரியம்மா மகளிடம், வாட்ச்மேனிடம், ஆஸ்பத்திரி நர்ஸிடம்கூட. உன் கடிதத்தில் உப்பு அறை முழுக்க இருக்கிறது. அந்த ஸ்பெஷல் மட்டும் இல்லையே, ஏன்?

தங்கை

---

மார்ச் 23

வாத்து,

காத்திருக்காதே. எடுத்துவிடச் சொல். உறையோடு முழுசாக எடுக்கச் சொல்.

ஏன் என்று கேட்காதே. வயதானவள் சொல்கிறேன், கேள்.

அக்கா

---

மார்ச் 25

அக்கா,

இது என் கை. என் தோள். என் வேலை. "வயதானவள் சொல்கிறேன்" என்று நீ மூன்று வரி எழுதினால் நான் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டுமா? தடவு என்றாய், சோம்பேறி என்றாய், பயப்படாதே என்றாய், இப்போது வெட்டு என்கிறாய். போன கடிதத்தில் கம்பெனி அட்டை பொய் சொல்லாது. இந்தக் கடிதத்தில் என்ன ஆயிற்று?

உன் கடிதத்தில் ஏழு இடத்தில் எழுதி அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் "உப்பு" என்று தெரிகிறது. ஒரு இடத்தில் "ரெண்டு".

ரெண்டு என்ன?

கூரியரில் அனுப்புகிறேன். நீயும் கூரியரில் அனுப்பு. முப்பதுக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

---

மார்ச் 27

தங்கைக்கு,

வாத்து என்று எழுதக் கை வரவில்லை.

உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாலு நாள் உட்கார்ந்து உனக்கு அந்தப் பெருமைக் கடிதம் எழுதினேன். அதை நீ டாக்டரிடம் வாசித்துக் காட்டினாய் என்று படித்தபோது பேப்பரைக் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை, மேஜையில் போட்டுவிட்டேன். வாலு வந்து, "பாட்டி, ஏன் நிக்கிறீங்க?" என்றாள். நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உன் டாக்டரம்மாவுக்குப் பயன்படும்.

உனக்கு ஆபரேஷன் என்று தெரிந்ததும் மேனேஜரிடம் போய், என் தங்கைக்கு நானே செய்து தருகிறேன் என்று கேட்டேன். சரி என்றார். அன்றைக்குக் காலை எல்லோருக்கும் முன்னால் போனேன். அச்சை நானே முக்கினேன். எத்தனை முக்கு, எவ்வளவு நேரம் வடிய வேண்டும், எல்லாம் சட்டப்படி. கடைசி முக்கு பதம் வந்ததும் சலித்த உப்பைப் போட்டேன். அழகாக விழுந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் அதுதான் அட்டையில் இருக்கிறது.

நான் நிறுத்தவில்லை.

அன்றைக்கு என் மனதில் என்ன இருந்தது என்றால், சொரசொரப்பு இருந்தால் இறுகாது என்று வகுப்பில் சொன்னார்களே, அப்படியானால் இன்னும் கொஞ்சம் இருந்தால் இன்னும் நல்லதுதானே. ஊருக்கெல்லாம் ஒரு வீச்சு போட்டேன். என் தங்கைக்கும் அதே ஒரு வீச்சா? நீ அப்போது எப்படி இருந்தாய்! ரேடியேஷனில் தோல் கறுத்து, ஒரு கவளம் இறங்காமல், "அக்கா, எனக்கு மறுபடியும் ஏதாவது ஆனா நான் தாங்க மாட்டேன்" என்றாய். உனக்கு மறுபடியும் எதுவும் ஆகக் கூடாது. அது ஒன்றுதான் என் தலையில் இருந்தது.

மேலே இன்னொரு மெல்லிய பாகுப் பூச்சு கொடுத்தேன். சல்லடையில் தங்குகிற பெரிய பரல் உப்பை நாங்கள் தனி டப்பாவில் கொட்டிவைப்போம், திருப்பி அனுப்ப. அதிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டேன். வீசவில்லை. உள்ளங்கையால் அழுத்தினேன், நன்றாக உள்ளே இறங்கட்டும் என்று.

கழுவி எடுத்தபோது கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் பீச் பழத்துத் தோல் மாதிரி இருக்கும். உன்னுடையது என் கன்னத்தைப் பிராண்டியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

லென்ஸ் வைத்துப் பார்த்து பாஸ் செய்கிற கண்ணாடிக்காரி என் சிநேகிதி, உனக்குத் தெரியும். அவள் லென்ஸை எடுத்தாள். "என்னடி இது, கொஞ்சம் முரடா இருக்கு?" என்றாள். "என் தங்கச்சிக்கு. என் கை தப்பு செய்யுமா?" என்றேன். அவள் லென்ஸை மூடிவைத்துவிட்டு முத்திரை குத்தினாள். அவள் மேல் தப்பில்லை. என் கையை நம்பினாள். எல்லோருமே நம்பினார்கள்.

உனக்கு இறுகியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதை அமுக்கத்தான் உன் மேல் பாய்ந்தேன். நீ தடவவில்லை என்றால் தப்பு உன்னுடையது. நீ தடவியிருந்தால் தப்பு யாருடையது? அதனால் நீ தடவியிருக்கக் கூடாது என்று எனக்குத் தேவைப்பட்டது. சமையலறையில் நான் கத்தியது உன்னிடம் இல்லை.

இந்தக் கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொடு. வாசித்துக் காட்டாதே, கொடு. முப்பதாம் தேதி காத்திருக்கிறேன் என்று கையெழுத்துப் போடாதே. உன் காலில் விழுகிறேன். அட்டையை நம்பாதே. என்னை நம்பாதே. என் உள்ளங்கை அழுத்தியதை மட்டும் நம்பு.

அக்கா

---

ஏப்ரல் 2

கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார். கம்ப்யூட்டரில் தேதி தேடினார். எட்டாம் தேதி ஆபரேஷன். முழுசாக எடுக்கிறார்கள்.

உனக்கு எழுத இப்போது எனக்கு எதுவும் இல்லை. திட்டுவதற்குக்கூடப் பயம் இடம் விடவில்லை. இன்றைக்குக் குளத்தில் இடது கையைத் தூக்கித் தூக்கி நீந்தினேன், எண்ணிக்கொண்டே. அதில் எது கடைசி என்று தெரியாமல்.

ஒரே ஒரு கேள்வி. டாக்டரம்மா கேட்கச் சொன்னார். எத்தனை பேருக்கு அப்படிச் செய்தாய்?

---

ஏப்ரல் 5

உனக்கு மட்டும்தான்.

எத்தனையோ பேருக்கு நான் சட்டப்படி ஒரு வீச்சு போட்டேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, அதனால் கை ஒழுங்காக இருந்தது. முகம் தெரிந்த ஒருத்திக்கு மட்டும் இரண்டு.

நேற்று கம்பெனிக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லியும் கண்ணாடிக்காரி கூடவே வந்தாள். "முத்திரை நான்தானே குத்தினேன், நீ மட்டும் போய்ப் பேர் வாங்கிக்கலாம்னு பாக்கறியா?" என்றாள். இரண்டு கிழவிகளும் விசிட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். செக்யூரிட்டி என்னைத் தெரிந்தவன், "உப்பக்கா, ஷீல்டு எல்லாம் வாங்கினீங்களே, இன்னொண்ணு வாங்க வந்தீங்களா?" என்று சிரித்தான். அச்சு நம்பரும் தேதியும் நான் செய்ததும் என் கைப்பட எழுதிக்கொடுத்தேன். எழுத்துப் பிழை இருந்திருக்கும். அங்கே இருந்த ஆபீசர் பெண் படித்துவிட்டு, "இதை எழுதினது நீங்களேதானா?" என்றாள். "நானேதான், செஞ்சதும் நானேதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஷீல்டை எடுத்து உள்ளே வைத்தேன். வாலு கேட்டாள். சின்னப் பாட்டிக்கு உடம்பு சரியானால் அப்புறம் சொல்கிறேன் என்றேன். சரியாகும் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரியானால்" என்றுதான் சொன்னேன்.

எட்டாம் தேதி நான் வரவா? நீ சொல்லாமல் வர மாட்டேன்.

---

ஏப்ரல் 26

அக்கா,

எட்டாம் தேதி நீ வராதது நல்லது. உன்னைப் பார்த்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பதற்குள் சண்டை போட்டிருப்பேன்.

இடது கையால் பேப்பரைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். கை தோள் வரைக்கும் வருகிறது. அதற்கு மேலே வரவில்லை. பிசியோதெரபிக்காரம்மா சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள், விரலால் சுவரில் ஏறி ஏறி அதைத் தொட வேண்டுமாம். நேற்றைய கோட்டைத் தொட்டேன். இன்றைய கோடு அரை விரல் மேலே இருக்கிறது.

எடுத்ததை டாக்டரம்மாவிடம் பார்க்கக் கேட்டேன். "எல்லாரும் கேக்க மாட்டாங்க" என்றார். படம் எடுத்து வைத்திருந்தார். உறையை நடுவில் பிளந்து விரித்திருக்கிறார்கள். தடித்த, வெள்ளையான தோல் மாதிரி. அதன் உள்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி மேடு. நீ போட்ட ஒவ்வொரு உப்புப் பரலுக்கும் ஒரு மேடு. உன் பள்ளத்துக்குள்ளெல்லாம் என் சதை போய் உட்கார்ந்து அச்சு எடுத்திருக்கிறது. ஒரு ஓரத்தில் மேடுகள் அடர்த்தியாக, நெருக்கமாக இருந்தன. உன் உள்ளங்கை அழுத்திய இடம். நான் அந்தப் படத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். உன் கை பெரியது.

ரிசல்ட் வந்துவிட்டது. உறையில் ஒரு இடத்தில் கெட்ட செல் இருக்கிறது. அந்த அடர்த்தியான ஓரத்தில் இல்லை, வேறு இடத்தில். உறையைத் தாண்டி வெளியே போகவில்லை. முழுசாக எடுத்தாயிற்று, ஓரமெல்லாம் சுத்தம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டேன், மூன்று மாதம் காத்திருந்தால்? டாக்டரம்மா, "காத்திருக்கலையே" என்றார்.

இன்னொன்றும் கேட்டேன். ரெண்டாவது உப்பாலதான் வந்ததா என்று. "சொல்ல முடியாதும்மா. ஒரு வீச்சு போட்டதிலயும் சில பேருக்கு வந்திருக்கு. ரெண்டு போட்டா வாய்ப்பு கூடியிருக்கலாம். உங்க அக்காதான் காரணம்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. இல்லன்னும் எழுதிக் கொடுக்க முடியாது" என்றார்.

அதனால் உனக்குத் தண்டனையும் கிடையாது, விடுதலையும் கிடையாது. எனக்கும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், இன்னும் சில வருடங்களுக்கு. ஒவ்வொரு தடவையும் அந்த அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கதவு திறந்து என் பேரைக் கூப்பிடுவதற்குக் காத்திருக்க வேண்டும். முதல் ஸ்கேன் மே பன்னிரண்டாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு. நேற்று பல் துலக்கும்போது திடீரென்று ஞாபகம் வந்து, துலக்குவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் தட்டை. அது பழகிவிடும். மே பன்னிரண்டு பழகாது.

கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. சமையலறையில் நீ சொன்னதை நினைத்தால் இன்னும் உன் பையை வாசலில் வைக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் நீ அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருக்கலாம். உன் ஷீல்டு ஹாலிலேயே இருந்திருக்கும். வாலுவின் கட்டுரை அப்படியே இருந்திருக்கும். நான் முப்பதாம் தேதி கையெழுத்துப் போட்டிருப்பேன். இதையும் நினைத்துக்கொள்கிறேன், கோபத்துக்குப் பக்கத்திலேயே.

பதினோராம் தேதியே வந்துவிடு. சால்வை, எண்ணெய், தைலம் ஒன்றும் கொண்டுவராதே. ஸ்கேன் ஆகி ரிசல்ட் சொல்லும்வரை புத்திமதி சொல்லாதே, கதை சொல்லாதே, நர்ஸிடம் உப்பு அறையைப் பற்றி ஆரம்பிக்காதே.

என் இடது பக்க நாற்காலியில் உட்கார். பேர் கூப்பிடும்வரை உன் கையைக் கொடு.

வாத்து